தாமுவேக்கு வந்த ஆப்பிரிக்கப் படம்

ரங்கூனில் தாமுவேப் பக்கம், துறைமுக வேலைக்காரர்களின் லைன் வீடு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அப்புறம் அம்மாவின் தம்பி. மாமா ஊரிலிருந்து கப்பலேறி வந்து வெகுநாளாகியும் நிலையான வேலை அமையவில்லை. எங்கள் அடுப்புக்கு விறகு கொடுத்தது பக்கத்து ஏரிக்கரைத் தோப்பு. லைன் பெண்கள் எல்லோரும் அங்கேதான் வெட்டினார்கள். அத்தை போகும்போது நானும் கூடப் போவேன். கரை மெல்ல மொட்டையாகிக்கொண்டிருந்தது.

காவல் போட்டும் பலிக்காமல் போகவே, காட்டிலாகா துரை ஒருவர் எங்களைப் பயாஸ்கோப்பு காட்டித் திருத்த முடிவு செய்தார். ஆப்பிரிக்காவில் எடுத்த படமாம். ஊமைப் படம் என்பதால், பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஒழுங்காகச் சொன்னால் இலாகாவிலேயே வேலை என்றார்கள். மாமாவுக்குக் கணீரென்ற குரல். சொல்லவேண்டியதை இலாகாவின் தமிழ் குமாஸ்தா வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். மாமா அதை வீட்டில் ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அத்தை சோறு போட வரும்போது மட்டும் எங்காவது தடுக்கி நிற்பார். இந்தப் பிள்ளைக்கு எப்படித்தான் வேலை கிடைக்குமோ என்று அம்மா கவலைப்படுவாள்.

படம் காட்டிய அன்று பொழுது சாய்ந்ததுமே மைதானம் நிறைந்துவிட்டது. மோகிங்கா என்னும் மீன்சாற்றுச் சேவை விற்கும் பர்மியப் பெண்கூடத் தோள்காவடியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியில் ஒரு மலை வந்தது. மரங்கள் விழுந்தன. ஊற்று வற்றியது. பிள்ளையை முதுகில் கட்டிய ஒருத்தி, பானையோடு நடந்துகொண்டே இருந்தாள். மணலைத் தோண்டினாள். மறுபடி நடந்தாள். மாமா ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். துரை தலையை ஆட்டினார்.

என் பக்கத்தில் அத்தை அழுதுகொண்டிருந்தாள். குனிந்து என் காதில் எதையோ கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்பதுதானே முறை? நான் எழுந்து நின்றேன்.

"மாமா, அந்த அம்மாவுக்குத் தண்ணி கெடச்சுச்சான்னு அத்தை கேக்குது."

மைதானமே சிரித்தது. அத்தை என்னைப் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். மாமா அத்தை இருந்த பக்கம் பார்த்தார். துணியில் அந்தப் பெண் வெறும் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இத்தோடு ஊரே அழிந்தது என்பதுதான் அவர் சொல்லவேண்டிய கடைசி வரி. எனக்கே மனப்பாடம்.

"கெடச்சுச்சு," என்றார் மாமா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்த மலைக்கு அங்கிட்டு ஒரு ஊத்து இருக்கு. அங்கன யாரும் மரத்துல கை வைக்கல. அதனால இருந்துச்சு. புள்ளைக்கும் குடுத்து, அவளும் குடிச்சா."

ஜனங்கள் கை தட்டினார்கள். துரைக்கும் சந்தோஷம். குமாஸ்தாதான், இது பாடத்தில் இல்லை என்று அவர் காதைக் கடித்தார். துரையின் முகம் சிவந்தது. அடுத்த ஊர்ப் படத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மாமா மறுபடி மூட்டை தூக்கப் போனார்.

மறுநாள் விறகுக்குப் போனபோது, அத்தை அரிவாளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். உதிர்ந்த சுள்ளிகளை மட்டும் பொறுக்கினாள். ஏனென்று கேட்ட பெண்களிடம், மலைக்கு அங்கிட்டு இருக்கும் ஊற்றைப் பற்றிச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அவளோடு சேர்ந்து பொறுக்கினார்கள். துரைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

வீட்டில் அம்மா புலம்பித் தீர்த்தாள். மாமாவோ வேலை போனவர் மாதிரியே இல்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் மட்டும் மீன் துண்டு பெரிதாக இருந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

பாடத்தை மறந்துபோய்த்தான் மாமா வேலையைத் தொலைத்தார் என்று லைன் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த தையில் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தபோதுகூட, மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.