குழாய்க்குள் ஓடிய அடி

எங்கள் வீட்டில் ஒரு திருட்டுக் குழாய் இருந்தது. அறுபதுகளில், போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் சரிவில், அப்பாவின் வேலைக்காகச் சர்க்கார் கொடுத்த வீடு அது. தம்பி பிறந்த பிறகு அம்மாவால் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு மேடேற முடியவில்லை. கப்பலில் வேலை பார்த்த அப்பா, மெயின்லேண்டுக்குப் புறப்படும் முன், வீட்டு முன்னால் சாலையோரம் புதைந்திருந்த பெரிய குழாயில் துளைபோட்டு, கொல்லைக்கு ஒரு கிளை இழுத்து, மேலே விறகை அடுக்கிவிட்டுப் போனார். அப்பா எதையும் அரைகுறையாகத்தான் செய்வார். இணைப்பு மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது. வெளியே தெரிந்தால் வேலையும் வீடும் சேர்ந்து போய்விடும் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு, யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

மார்ச் மாத வறட்சியில் சரிவின் கீழ்வீடுகளுக்குத் தண்ணீர் நூலாக இளைத்தது. ஓட்டையைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர், குழாய் ஃபிட்டராக இருந்த என் சித்தப்பா. அப்பாவின் சொந்தத் தம்பி.

அவர் வித்தை எளிமையானது. சரிவின் அடியில் வால்வைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, ஓர் ஆள் அதைப் படக்கென்று மூடுவான். ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்கும் அந்த அடி, குழாய் வழியே மேலே ஓடும். சித்தப்பா அங்கங்கே சிறு குழி தோண்டி, குழாயில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். அடி கணீரென்று வந்தால் இன்னும் மேலே போவார். ஓட்டையைத் தாண்டினால் அடி மழுங்கிவிடும்.

எங்கள் வீட்டு முன்னால் வந்து கேட்டார். நாலடி மேலே போய்க் கேட்டார். திரும்பி வந்து மறுபடி கேட்டார். வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்பியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் மேலே நடந்து, கோயில் திருப்பத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்.

"இங்க தோண்டுங்க."

சாயங்காலம் வரை தோண்டினார்கள். ஈரமே இல்லை. அதிகாரி வந்து, "கான் கராப் ஹோ கயா க்யா?" என்று, காது கெட்டுப்போய்விட்டதா என்று, அத்தனை பேர் முன்னால் கேட்டார். காலிக் குடங்களோடு நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆட்கள் போனதும், எங்கள் வீட்டு முன்னால் தோண்டிய சிறு குழியை மூடுகிற சாக்கில் சித்தப்பா அதில் இறங்கினார். கிளையைக் கழற்றி, துளையை இறுக அடைத்தார்.

"ஒங்க பேரு போச்சே தம்பி" என்றாள் அம்மா.

"அது கெடக்கட்டும் மைனி. இனிமே புள்ளைக்குத் தண்ணி நான் தூக்கிட்டு வாறேன்."

மறுநாள் கீழ்வீடுகளில் தண்ணீர் கொட்டியது. அதிகாரி போட்ட சத்தத்தில் குழாயே பயந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா ஒரு வாரம்தான் எங்களுக்குத் தண்ணீர் தூக்கினார். அதற்குள் அவரைக் கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலேற்றி வழியனுப்பப் போனபோது நான் கேட்டேன்: "சித்தப்பா, ஒங்களுக்குக் காது கேக்காதா?"

"ஆமாட்டி, கொஞ்சம் மந்தம்" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தப்பாவின் காதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணி, நிக்கோபாரில் தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, காய்ச்சி இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று நான் அவளைத் தேற்றினேன்.