மீன் பாட்டுக் கேட்ட காது

வாவியில் மீன் பாடும் என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் ஒரு மருத்துவரிடம் நோய்களுக்கான குறியீடுகளைக் கணினியில் பதிகிறேன். வெளிக்காது அழற்சிக்கு வலம், இடம் என்று தனித்தனிக் குறியீடு உண்டு. படகோட்டி ஒருவருக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. செவிடாகிவிடுமோ என்று மனுசனுக்குப் பயம். டொக்டரோ எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. கதிரையை விட்டு எழுந்துபோய்க் கேட்டேன்.

"எந்தக் காது, அண்ணே?"

"வலது, தம்பி. மீன் பாடுறதக் கேக்கிற காது. துடுப்ப வாவிக்குள்ள விட்டு, மற்ற நுனியக் காதில வைப்பன்."

"ஈரத் துடுப்பையா?"

"வாவியில காஞ்ச துடுப்புக்கு எங்க போற?"

உள்ளேயிருந்து டொக்டர் சிரித்தார். "நான் காதுக்குள்ள மருந்து விட விட, நீங்க வாவியையே விடுறீங்களா! புண் ஆறுமட்டும் துடுப்பக் காதில வைக்கப்படாது."

"அப்ப மீன் பாடுதா எண்டு எனக்கு ஆரு சொல்லுற?"

காது ஆறும்வரை நான்தான் படகில் போய், துடுப்பைத் துடைத்துவிட்டுக் கேட்டுச் சொன்னேன். இதுவரை வெறும் எண்களாகப் பதிந்த காதுகளெல்லாம் என்னென்ன கேட்டிருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன்.