ஷாம்பெயின் லேபலும் அக்காவின் சம்பந்தமும்

அக்காவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் குழம்பிப் போனதற்கு அப்பாவின் உத்தியோகம்தான் காரணம். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த கடைசி வருடங்கள் அவை. அதிகாரிகள் குடிக்கும் வைன் போத்தல்களை வகை பிரித்து அடுக்குவது அப்பாவின் வேலை. ஒரு சொட்டும் அவர் நாவில் பட்டதில்லை. பட்டிருந்தால் அம்மா வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டாள். ஆனால் பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பதுதானே ஊர் வழக்கம்.

வெறும் போத்தல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபல்களைக் கிழியாமல் உரித்து எனக்குக் கொண்டுவருவார். நான் கொப்பியில் ஒட்டுவேன். எட்டு வயதில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வராது. ஆனால் பிரான்ஸ்காரன் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பழத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவான், ஜெர்மன்காரன் ஊர், பழம், அது பழுத்த பக்குவம் என்று சாதகமே எழுதிவிடுவான் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

மூன்றாவது சம்பந்தம் நிலாவெளியிலிருந்து வந்தது. முடிவு சொல்லவேண்டியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. வெற்றிலையைத் தவிர எதையும் வாயில் வைக்காதவர் என்று பெயரெடுத்தவர். குடிவாடை அடிக்கும் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று தரகரிடம் முன்னமே சொல்லியனுப்பியிருந்தார். அக்காவுக்கு இருபத்தேழு வயது. இதுவும் போனால் இனி யாரும் படியேறமாட்டார்கள் என்று அம்மா முதல்நாளே அழுது முடித்திருந்தாள். என் கொப்பியை ஒளித்துவைக்கவும் மறக்கவில்லை. ஒளித்த இடம்தான் பிழை: முன்னறையில் பெரிய கதிரையின் மெத்தைக்குக் கீழே.

பெரியப்பா அதிலேயே வந்து அமர்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மாப்பிள்ளையின் பெரியம்மா. பெரியப்பா இரண்டு தரம் நெளிந்தார். மூன்றாம் தரம் மெத்தைக்குக் கீழே கையை விட்டுக் கொப்பியை இழுத்தெடுத்தார். குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். 

“இதென்ன தம்பி, பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கொப்பியோ, சாராயக் கடையோ?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கொப்பியை வாங்கக் கையை நீட்டிப் பாதியில் இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் கண்டதேயில்லை. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு விடை மறந்துபோனது என்றே நினைத்தேன்.

“நான் சொல்லுறன்! அப்பாதான் படிப்பிச்சவர்.”

கதவுக்குப் பின்னால் அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் நிறுத்தவில்லை. இது ஊர், இது பழம், இது விளைந்த வருடம் என்று பக்கம் பக்கமாக ஒப்புவித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பெரியம்மாவின் உதடுகள் இறுகின. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் பொன்னெழுத்து ஷாம்பெயின் லேபல் வந்தது.

“இதில எக்ஸ்ட்ரா டிரை எண்டு கிடக்கு. டிரை எண்டால் இனிக்காது, எக்ஸ்ட்ரா எண்டால் துளியும் இனிக்காது. புரூட் எண்ட மற்ற வகைதான் கொஞ்சம் இனிக்கும்.”

“இல்லைப் பிள்ளை, மாறிச் சொல்லுறாய்,” என்றார் பெரியப்பா, கொப்பியிலிருந்து கண்ணெடுக்காமல். “புரூட்தான் இனிக்காது. இது நாக்கில மெல்ல இனிச்சுக்கொண்டு இறங்கும்.”

 பெரியம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பெரியப்பா கொப்பியைப் பட்டென்று மூடினார். அப்பாவோ அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவேயில்லை. தொழிலில் விட்ட பிழை அவரை உலுக்கிவிட்டிருந்தது.

“மெய்யே அண்ணை? பேரைப் பாத்து, இவ்வளவு காலமும் மாத்தியெல்லோ அடுக்கி வைச்சிருக்கிறன்!”

பெரியம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். “குடிக்காத மனிசன் ஆரெண்டு விளங்கிப்போச்சு. இந்த வீட்டிலயே எடுப்பம். கலியாணத்துக்கு நல்ல நாளாப் பாருங்கோ,” என்றார். அம்மா ஓடிவந்து நீட்டிய, ஆவி பறந்த தேநீரைப் பெரியப்பா ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

நான் குசினிக்குள் ஓடி விம்மினேன். சபை நடுவே அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டேனே! அக்கா பின்னாலேயே ஓடிவந்து என்னைத் தூக்கி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“விடை பிழை அக்கா,” என்றேன்.

“ஓம் ராசாத்தி, பிழைதான்,” என்று இன்னும் இறுக அணைத்தாள். சரியாகச் சொன்ன எந்த விடைக்கும் என்னை யாரும் அப்படி அணைத்ததில்லை. பிழை விட்டதற்கு இவள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.