சபை ஆபீஸில் மட்டும் அமுங்காத மவுஸ்

மவுஸ் அமுங்கவில்லை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் மவுஸைத் திட்டுவார்கள். மார்த்தாண்டத்தில் லினக்ஸைத் திட்டுவார்கள், அடுத்தபடியாக அதைப் போட்டுக்கொடுத்த என்னை. 2011 வாக்கில் பென்டிரைவ் வைரஸோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், வந்தவர்களுக்கெல்லாம் விண்டோஸை எடுத்துவிட்டு, அந்த வைரஸ் அண்டாத லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். கம்ப்யூட்டர் சர்வீஸில் அடிபட்டவர்களே, மீதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கல்ஃப் மவுஸ்

ஒரு டீச்சர் வீட்டில் இடது பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தடவை கேட்கும். கணவர் துபாயிலிருந்து அனுப்பிய வயர்லெஸ் மவுஸ். டெர்மினலைத் திறந்து அரைமணி நேரம் கட்டளைகளைத் தட்டிவிட்டுத்தான் மவுஸைக் கையில் எடுத்தேன். வந்த பாலிதீன் உறையைக் கழற்றாமல், அதற்கு மேல் செலோடேப்பும் சுற்றி ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். உரித்ததும் பொத்தான் வேலை செய்தது. டீச்சர் முகத்தில்தான் சந்தோஷமே இல்லை.

"உறையக் கிழிச்சிட்டியளே! லீவுக்கு வரும்போ அவரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ஒட்டுப்பால்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர். அவர் மவுஸில் பொத்தான் ஒருமுறை அமுங்கினால் எழும்பவே எழும்பாது. "உனக்க லினக்ஸு கொள்ளாது" என்று போனிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார். போய்த் திறந்து பார்த்தால் இடுக்கெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கிடக்கிறது. பால் ஒட்டிய விரலோடு மவுஸைப் பிடிப்பார் போல. ஊசியால் நெம்பினேன், நீளமாக இழுபட்டு வந்தது. மரத்தில் ஒட்டிக் காயும் கழிவு ரப்பரை இங்கே ஒட்டுப்பால் என்பார்கள். நான் குப்பைக்கூடையைத் தேட, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறியாத மக்கா, ஒட்டுப்பாலுக்கும் வெல உண்டு."

கடையில் ஓடும்

எங்கள் சர்ச் சபையின் செயலர் தங்கையன் சார் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். ஒழுங்காக ஓடினால் சபைப் பள்ளிக்கூடத்தின் இருபது கம்ப்யூட்டர் வேலையும் எனக்கு. இல்லையென்றால் இதையும் அழித்துவிட்டுப் போக வேண்டும். அந்த இருபதை நம்பித்தான் நான் கடையைப் பெரிதாக்கியிருந்தேன்.

இருபத்தைந்தாம் நாள் மவுஸ் படுத்துவிட்டது. அம்பு ஓடுகிறது, சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. பேட்டரி மாற்றினேன், வேறு மவுஸ் போட்டேன், கேட்கவில்லை. பெட்டியைக் கடைக்குத் தூக்கிவந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது! திரும்ப ஆபீஸில் வைத்தால் பழைய கதை. லினக்ஸை அழித்து மறுபடி போட்டும் பார்த்தேன். மூன்றாம் தடவை பெட்டியைச் சுமந்தபோது எனக்கு அழுகையே வந்தது. தங்கையன் சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்க கடையில மட்டும் ஓடுத சாதனம் எங்களுக்கு என்னத்துக்குடே?"

பீரோ

தவணையின் கடைசி நாள். ஆபீஸிலேயே உட்கார்ந்து, எந்தப் பொத்தான் அமுங்குகிறது என்று காட்டும் சோதனையை ஓட்டினேன். யாரும் தொடாமலே ஒரு இடது பொத்தான் அமுங்கியே இருந்தது. பெட்டியோடு இணைந்திருப்பவற்றின் பட்டியலைப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு மவுஸ்! ஒன்றின் பொத்தான் அமுங்கிக் கிடந்தால் மற்றதன் சொடுக்கு எடுபடாது. குலசேகரத்து ரப்பர் நினைவுக்கு வந்தது.

"சார், இங்க வேற மவுஸு உண்டா?"

தங்கையன் சார் நெளிந்தார். போன வாரம் மகன் மஸ்கட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தானாம். ரெண்டு நாள் உபயோகித்துவிட்டு, நல்ல சாதனம் கெட்டுப்போகக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அதன் ரிசீவர் தொலைந்துவிடாமலிருக்க, பெட்டியின் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறார். மவுஸை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, பின்னால் வயரைக் கழற்றி மாட்டியும் அதைக் கவனிக்க எனக்கும் தோன்றவில்லை.

பீரோவைத் திறந்தார். பன்னிரண்டு பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், பொத்தான் நசுங்க, மஸ்கட் மவுஸ் கிடந்தது. புத்தகங்களைத் தூக்கினேன். மேஜையில் இருந்த மவுஸ் உடனே கேட்டது. பீரோ மவுஸின் சிக்னல் கடைவரை எட்டாததால்தான் அங்கே எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, கடிக்கவும் தோன்றியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி மக்கா, பள்ளிக்கூடத்துக்கும் இதையே போடு. அங்க உள்ள இருவது மவுசையும் நான் பீரோவுல பத்திரமா வச்சுப் பூட்டிக்கிடுகேன்."

இப்போதெல்லாம் மவுஸ் அமுங்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும், டெர்மினலைத் திறப்பதற்கு முன்னால் நான் பீரோவைத் திறக்கச் சொல்கிறேன்.