மாறி ஓடிய ரீலும் எங்கள் சாரின் விமர்சனமும்

ஸ்டென்சில் தாளில் தப்பு வந்தால் பூசுகிற சிவப்பு மையின் நெடி இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் கிட்வாய் நகர்த் தமிழர்கள் சேர்ந்து ஒரு சினிமா சங்கம் நடத்தினோம். அதற்காக எங்கள் செக்‌ஷன் ஆபீசர் எழுதும் விமர்சனங்களை நான்தான் டைப் அடிப்பேன். ஆபீசில் அதட்டுகிறவர், விமர்சனம் என்றால் என்னிடம் கெஞ்சுவார். "ஜல்தி ஒண்ணும் இல்லம்மா, ஆனா இன்னைக்கே வேணும்" என்பார். என்ன மனுஷரோ!

சிரிப்புப் படங்களைத் தவிர வேறெதையும் எழுதமாட்டார். "ஜனம் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அடுத்த வசனம் வரக்கூடாதும்மா. அதுவரைக்கும் நடிகன் செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கணும்" என்பார். அப்படிப் பொறுமையாக நிற்க வைக்கத் தெரிந்த இயக்குநர் ஒரே ஒருவர்தான் என்பது அவர் கட்சி. அந்த இயக்குநர் எடுத்த கல்யாணக் கதைப் படம் ஒன்று மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே காட்சி ஓடியது. அதில் மாப்பிள்ளையின் மாமா, நாதஸ்வரக்காரர் முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை எல்லோர் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். எதற்கென்றே தெரியாமல் உருண்டு புரண்டு சிரித்தோம். பிறகுதான், பெண்ணின் அப்பாவைச் சமையல்காரர் என்று நினைத்து அந்த மாமா திட்டிய காட்சி வந்தது. காரணத்தைப் பின்னால் வைத்த துணிச்சலைப் புகழ்ந்து சார் நான்கு பக்கம் எழுதினார்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது, திருச்சியில் அக்காவோடு அதே படத்தைப் பார்த்தேன். அங்கே முதலில் திட்டு, அப்புறம்தான் மன்னிப்பு. ஐயோ! டெல்லியில் ரீலை மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் சார் தரையிலேயே இல்லை. அந்த இயக்குநர் டெல்லிக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மந்திர் மார்க் ஹாலில் பாராட்டுக் கூட்டமாம். அவர் முன்னால் அந்த நான்கு பக்கத்தையும் சார் படிக்கப் போகிறாராம். கோட்டுகூட இஸ்திரிக்குப் போயிருந்தது. சொன்னால் மனசு உடைந்து போவார். சொல்லாவிட்டால், உயிராக மதிக்கிற மனிதர் முன்னால் மானம் போகும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாப் பார்த்தியாம்மா?"

"ரெண்டு தடவை பார்த்தேன் சார்."

"அச்சா" என்று ஃபைலில் குனிந்துகொண்டார். இனி கூட்டத்துக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். மேடை ஏறி, "சார், எங்க ஆபரேட்டர் செஞ்ச தப்புக்கு உங்களைப் புகழ்ந்து எழுதிட்டேன். ஆனா நான் ரசிச்சது நிஜம்" என்று சொல்லிவிட்டு, நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் தொடையைத் தட்டிச் சிரித்தவர்களை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பாவி, நானே அவரைக் காட்சிப்பொருளாக்கிவிட்டேனே என்று என் மேலேயே கோபம் திரும்பியது.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சார் பக்கத்தில் போய், "அந்த மன்னிப்பு சீனுக்கு இங்க சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க சார்."

"மெட்ராஸ்ல ஒருத்தரும் சிரிக்கலைங்க. ஏன்னு இத்தனை நாளா எனக்குப் புரியலை" என்றவர், சாரின் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது சிரிப்புப் படம் பார்க்கக் கைப்பேசியே போதும். விமர்சனம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அன்றைக்குக் கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது சார், "மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரே, பார்த்தியாம்மா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், அவர் முதல் தடவை கேட்பதுபோலவே பதில் சொன்னேன்.