கட்டைவிரல் போட்ட டீம் லீடர்

மாஸ்டர்ஸ் வகுப்பில எங்கட டீம் புரொஜெக்ட், ஒரு ஆஸ்பத்திரியின்ர ஐ.டி. சிஸ்டம் முழுக்க எப்பிடி அமையோணும் எண்டு படமாக் கீறிறது.

மூண்டு மாசமா கீறினது நான். டீம் லீடர் சுரேன், நான் வாட்ஸ்அப்பில கேட்ட எல்லாத்துக்கும் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டவர்.

இண்டைக்குப் பிரசென்டேசன். "லீடர் நான்தானே, நானே கதைக்கிறன்" எண்டார்.

"ஓம், கதையுங்கோ" எண்டன்.

முதல் படத்திலயே, பாடம் எடுக்கிற மேடம் கேட்டா: "இந்த நடுப்பெட்டி வேலை செய்யாட்டி என்ன நடக்கும்?"

சுரேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போத்திலைத் திறந்து ஆறுதலாத் தண்ணி குடிச்சன்.

இப்ப பஸ்ஸில வாறன். அவற்ற மெசேஜ்: "ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்ல?"

நானும் ஒரு கட்டைவிரல் போட்டன்.

கிருலப்பனையில இருந்து பஸ் பாமன்கடைக்கு வாற மட்டும் மனச்சாட்சி குத்துதோ எண்டு பார்த்தன். குத்தேல்ல. உங்கட டீமிலயும் இப்பிடி ஒராள் இருந்தவரோ?