மணிக்கூண்டில் ஒட்டிய இரண்டாவது கண்ணாடி

ஜப்பான்காரன் சண்டைக்காலம். மதுரை டவுனுக்குள் ஒரு பழைய மாதா கோயிலின் மணிக்கூண்டில் விரிசல் விட்டிருந்தது. காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஓவர்சியராகச் சேர்ந்த முதல் நாளே என்னை அங்கே அனுப்பினார்கள்.

கட்டடத்தைச் சும்மா சொல்லக்கூடாது. வெள்ளைக்காரச் சாமியார்கள் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பியது. கூர்முனை ஆர்ச்சுகள், கை வைத்தால் வழுக்குகிற முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, மணியைத் தாங்கப் பர்மா தேக்கு உத்திரங்கள். இத்தனை வயதான கட்டடத்தில் விரிசல் இருப்பது பெரிதில்லை. அது வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்காக விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுவோம். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

கூண்டின் அடியில் ஒன்று ஒட்டினேன், உடைந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடியும் உடைந்தது.

"கூண்டு நிக்காது சாமி. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிருவோம். பழைய செங்கலையும் கட்டையையும் நானே அள்ளிக்கிறேன்" என்றார் காண்ட்ராக்டர். பங்குச் சாமியாரின் முகம் செத்துப்போனது.

எனக்கு எங்கேயோ உதைத்தது. முதலில் மணியடிக்கிற சூசையைத்தான் பிடித்தேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர் அவர்.

"நீதானய்யா உடைக்கிறே?"

"அட, நீங்க வேறண்ணே! கூண்டு போனா எம் பொழப்பும் போச்சு. நானே போயி உடைப்பனா?" கண் கலங்கிவிட்டது.

நியாயம்தான். ஆனாலும் அவரையும் நான் நம்பவில்லை. விரிசலை அளக்க வேண்டும் என்று சாவி வாங்கிக்கொண்டு தனியாக மேலே ஏறினேன். அதே விரிசல் உச்சியில் இன்னும் அகலமாக ஓடியது. உத்திரத்துக்குப் பின்னால் மறைவாக இன்னொரு கண்ணாடியை ஒட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் இறங்கி வந்து, கீழேயும் வழக்கம்போல ஒன்று ஒட்டினேன். சுவர் அசைந்தால் முதலில் மேலே இருப்பதுதான் உடைய வேண்டும்.

அடுத்த வாரம் கீழ்க்கண்ணாடி வழக்கம்போலத் தூள்.

"பாத்தீகளா சாமி! எம்புட்டு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறீக" என்று காண்ட்ராக்டர் குதித்தார்.

எல்லோரையும் மேலே கூட்டிப்போனேன். அங்கே கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. "மாதாவே!" என்று சூசை வாய்விட்டே அழுதுவிட்டார்.

காண்ட்ராக்டர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இதை எப்படா ஒட்டுனே? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதுவும் உடைஞ்சிருக்கும், முதலாளி."

பர்மாவிலிருந்து மரம் வருவது நின்று, பழைய தேக்குக்கு ஏகக் கிராக்கி இருந்த நேரம் அது. சாமியார் தேக்கு உத்திரத்தையும் காண்ட்ராக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார்கள். கூண்டு நின்றது. என் வேலை அன்றைக்கே போனது.

அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண்ணாடி இரண்டு ஒட்டுவேன். ஒன்றைப் பற்றித்தான் முதலாளியிடம் சொல்வேன்.